சிவனொளிபாதமலையில் வானம் எப்போது திறக்கும்? 27 தடவை புறப்பட்டவனின் பதில்

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். டிசம்பரில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, இலங்கையின் யாத்திரை மலையான சிவனொளிபாதமலை ஏறியிருக்கிறீர்கள். இரண்டு தடவையும் உச்சியில் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். வானம் நிச்சயமாகத் தெளிந்திருக்கும் மாதம் எது என்பது முதல் கேள்வி. 61 வயது அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கொஞ்சம் கிண்டலாகவே கேட்டிருக்கிறீர்கள்: ஒரே மலையை இத்தனை தடவை ஏறி என்ன கண்டீர்கள்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நிச்சயமான மாதம் என்று ஒன்று இல்லை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வாய்ப்பு அதிகம். அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஆனால் நீங்கள் போன மாதிரி அல்ல. மூன்றாவது கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டையும் சொல்லும்போது இடையில் அகப்பட்டால் பாருங்கள்.

நான் வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் பேச்சில் 'மலைக்குப் போறேன்' என்றால் கொழுந்து பறிக்கப் போவது என்று அர்த்தம். அம்மாயி தினமும் மலைக்குப் போனவர். அதனால் இந்த மலையை நாங்கள் வெறுமனே மலை என்று சொல்வதில்லை, 'பாதம்' என்போம். முதல் தடவை ஏறியபோது எனக்கு ஒன்பது வயது, தாத்தாவோடு. இதுவரை 27 தடவை புறப்பட்டிருக்கிறேன். உச்சியை அடைந்தது 23 தடவை. அந்த 23-இல் சூரியன் எழுவதை முழுசாகப் பார்த்தது 9 தடவைதான். ஆக, இரண்டு தடவை வெள்ளைச் சுவர் பார்த்த உங்களுக்கு மலை ஒன்றும் தனியாக வஞ்சனை செய்துவிடவில்லை.

இந்த மலை நிற்கும் இடத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மாதக் கணக்கு தானாக விளங்கும். உயரம் 2243 மீட்டர். இலங்கையில் இதைவிட உயரமானவை உண்டு, பிதுருதலாகலை 2524 மீட்டர். ஆனால் பிதுருதலாகலை மற்ற மலைகளுக்கு நடுவே தோளோடு தோளாக நிற்கிறது. இது மத்திய மலைநாட்டின் மேற்கு விளிம்பில், கூம்பு மாதிரித் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேற்கே இரத்தினபுரிப் பள்ளம், அப்புறம் சமவெளி, அப்புறம் கடல். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி ஆரம்பித்தால், கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று முதலில் மோதுகிற பெரிய சுவர்களில் இதுவும் ஒன்று. மோதிய காற்று மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். மலைநாட்டின் இந்த மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழும் இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் யாத்திரைப் பருவத்தை டிசம்பர்ப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாதப் பௌர்ணமியான வெசாக்கோடு முடிக்கிறார்கள். வெசாக் முடிந்தால் படிக்கட்டு விளக்குகள் அணையும், கடைகள் பிரிக்கப்படும், மலையின் காவல் தெய்வமான சமனின் சிலையைப் பெல்மதுளைப் பக்கத்து விகாரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தெய்வமே கீழே இறங்கிவிடுகிற காலத்தில் நமக்கு அங்கே என்ன வேலை என்று தாத்தா கேட்பார். அவர் பேச்சை நான் கேட்காமல் போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பரில் நீங்கள் ஏமாந்ததற்குக் காரணம் எளிது. பருவம் தொடங்கிவிட்டது என்பதால் மழை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். பருவத்தைத் தொடங்குவது நாட்காட்டி. மழைக்கு நாட்காட்டி கிடையாது. டிசம்பரில் வடகீழ் பருவப்பெயர்ச்சி முழு வீச்சில் இருக்கும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் மலைநாடு முழுவதும் நாலைந்து நாள் நனைந்துகொண்டே கிடக்கும். ஜனவரி போகப் போக அந்தக் காற்றின் ஈரம் குறையும். அது கிழக்கே பதுளை, நுவரெலியா மலைகளில் ஏற்கெனவே மழையை இறக்கிவிட்டுத்தான் நம் பக்கம் வரும். பெப்ரவரியில் ஈரமும் குறைவு, காற்றும் தணிவு. என்னுடைய 9 சூர்யோதயங்களில் 6 பெப்ரவரியில் கிடைத்தவை.

ஏப்ரல் கதை வேறு. அது இடைப்பருவம். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பகல் இரண்டு மணிக்குமேல் இடி. அந்த மழை இரவு எட்டு ஒன்பதுக்கு நின்றுவிடும். ஆனால் நனைந்த காடு இரவெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். விடியற்காலையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த ஆவியைத்தான். ஏப்ரலில் போவதென்றால் முதல் நாள் பின்னேரம் மழை பெய்யாத இரவாகப் பார்த்துப் போக வேண்டும். இதற்காக விடுமுறையை வைத்துக்கொண்டு காத்திருக்க முடிகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கும் முடிந்ததில்லை.

சரி, மாதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அன்றிரவு எப்படி என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? தொலைபேசியில் வரும் வானிலைப் படம் ஹட்டனுக்கோ மஸ்கெலியாவுக்கோ சொல்லும். உச்சி அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே இருக்கிறது. கீழே 'தெளிந்த வானம்' என்று சின்ன நிலா போட்டிருக்கும், மேலே சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். நான் பார்ப்பது விளக்குகளை.

மலையடிவார ஊரான நல்லதண்ணியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கடை வெளிச்சத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து அண்ணாந்து பாருங்கள். பருவ காலத்தில் படிக்கட்டு விளக்குகள் வளைந்து வளைந்து, கழுத்தில் கிடக்கிற சங்கிலி மாதிரி உச்சி வரைக்கும் ஏறும். புதிதாக வருகிறவர்கள் அந்த மேல் நுனியை நட்சத்திரம் என்று நினைப்பார்கள். அது உச்சிக் கோயில் வெளிச்சம் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு முகம் மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மேல் நுனியை. அது இருக்கிறதா, இல்லையா? இருந்தால் உச்சி அந்த நேரத்தில் திறந்திருக்கிறது. சங்கிலியின் மேல் கால்வாசி மட்டும் வெட்டினாற்போல் காணாமல் போய், மற்ற இடமெல்லாம் நட்சத்திரமாக இருந்தால், அது தொப்பி மேகம். காற்று மலையில் மோதி ஏறும் இடத்தில் மட்டும் உருவாகி, மறுபக்கம் இறங்கும் இடத்தில் கரையும். மேகம் அப்படியே அசையாமல் நிற்பதுபோல் தெரியும், ஆனால் உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க அமைதியாக இருக்கிற இதுதான் உச்சியில் ஆளை உறைய வைப்பது.

மூன்றாவது வகை, நுனி விளக்குகள் மறைவதும் தெரிவதுமாக இருப்பது. என் அனுபவத்தில் இதுதான் நம்பிக்கையான அடையாளம். மேகம் துண்டு துண்டாக ஓடுகிறது, விடியும்போது ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் கிடைக்கலாம். அந்த மாதிரி இரவுகளில் நான் ஏறாமல் இருந்ததே இல்லை. சங்கிலி முழுவதும், பாதையின் கீழ்ப்பகுதியில் நிற்கும் சமாதான தூபிக்கு மேலே ஒன்றுமே தெரியாமல் இருட்டாக இருந்தால், தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பேன்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரவில் மலை உச்சிகள் வெப்பத்தை இழந்து குளிரும், குளிர்ந்த கனமான காற்று பள்ளத்துக்கு வழியும், பனிமூட்டமும் கூடவே இறங்கும். அதனால்தான் விடியற்காலையில் மேலே தெளிந்தும் கீழே வெண்பஞ்சு விரித்த மாதிரியும் இருக்கும். வெயில் ஏறியதும் அது தலைகீழாகும். பள்ளத்து ஈரம் சரிவு வழியாக மேலே ஏறி, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் உச்சியை மூடத் தொடங்கும். ஆக, 'காலையில் சாவகாசமாக எழுந்து ஏறலாம்' என்று திட்டம் போடுகிறவர்கள் வேண்டுமென்றே மேகத்துக்குள் போகிறார்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது என் பெரிய முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது, ஒரு ஜனவரி. நாலு நண்பர்கள், யார் முதலில் என்று போட்டி. ஏறத்தாழ 5500 படிகளை இரண்டு மணி நேரத்துக்குள் ஏறினோம். நான் போட்டிருந்தது ஜீன்ஸும் பருத்தி பனியனும், மேலே ஒரு ஸ்வெட்டர். மகாகிரிதம்பவில், அதுதான் உச்சிக்குக் கீழே ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் கடைசிப் படிக்கட்டு, எங்கள் முதுகிலிருந்து ஆவி பறந்தது. பெருமையாக இருந்தது. உச்சிக்கு வந்தபோது மணி நாலு. சூரியன் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வடகிழக்குக் காற்று சுவருக்கு மேலால் எகிறி வந்து அடித்தது. வியர்வையில் நனைந்த பனியன் ஐந்தே நிமிடத்தில் ஐஸ் துணியாகிவிட்டது. ஓரிடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து உரச்சாக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். நாங்கள் நாலு பேரும் அந்தச் சாக்குக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். சூரியன் வந்தது. எனக்கு நினைவிருப்பது சூரியன் இல்லை, அந்தச் சாக்கின் மணம்.

அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே வெப்பநிலை ஆறேழு டிகிரி குறையும். அது பெரிய விஷயமில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் பெரிய விஷயம். ஆகவே மெதுவாக ஏறுங்கள், விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு உச்சியில் இருந்தால் போதும். ஜனவரி, பெப்ரவரியில் சூரியன் ஆறரையை ஒட்டி எழும். கடைசிக் கடைகளில் ஒன்றில் நின்று, வியர்த்த பனியனைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் காய்ந்த பனியனைப் போட்டுக்கொண்டு அப்புறம் மேலே போங்கள். வெட்கப்பட வேண்டாம், அங்கே பாதி ஆண்கள் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்; நனைந்தால் கனக்கும். காதை மூடுகிற தொப்பி ஒன்று. தாத்தா காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பளிதான். கொழுந்து மலையில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் அதே கம்பளி. நனைந்தாலும் அது சூடு தரும். நாற்றம் மட்டும் ஆட்டுப் பட்டியே கூட வருகிற மாதிரி இருக்கும்.

எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்கும்போது நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சூரியன் முழுவதாக வெளியே வந்ததும் கூட்டத்தை விட்டு மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் இரத்தினபுரிப் பக்கத்துப் பள்ளங்களின் மேல், மூட்டத்தின் மேல், துல்லியமான முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழல் முக்கோணம் என்று பலர் சொல்வார்கள். அது அப்படியல்ல. மலை எந்த உருவத்தில் இருந்தாலும், அவ்வளவு நீண்ட நிழலின் இரண்டு ஓரங்களும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும், நேராக ஓடுகிற தண்டவாளம் தூரத்தில் ஒட்டிக்கொள்வதுபோல. நாம் நிழலின் நுனியில், உச்சியிலேயே நின்று பார்ப்பதால் முக்கோணம் இன்னும் கூர்மை. சூரியன் ஏற ஏற அது நம்மை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும், கொஞ்ச நேரத்தில் காலடியில் கரைந்துவிடும். ஒன்று கவனித்தேன்: பளிங்கு மாதிரித் தெளிந்த காலையில் நிழல் மங்கலாகத்தான் தெரிகிறது. மேற்கே லேசான மூட்டம் இருந்தால்தான் அது விழுவதற்குத் திரை கிடைக்கிறது. ஒன்பது சூர்யோதயத்தில் நல்ல நிழல் கிடைத்தது ஐந்தில்தான். அந்த ஐந்திலும் மூட்டம் இருந்தது.

மூட்டம் வேண்டாம் என்றுதானே நீங்கள் கடிதமே எழுதினீர்கள்!

இப்போது திரும்பி வந்த நாலு தடவைகள். ஒன்று காய்ச்சல், ஒன்று கூட வந்தவரின் கணுக்கால், அவற்றை விடுங்கள். மற்ற இரண்டும் மழைக்காரணம்.

ஒரு மார்ச் மாதம், அஸ்தமனம் பார்க்கலாம் என்று பகல் பன்னிரண்டுக்குப் புறப்பட்டோம். சீதகங்குலவில் தண்ணீரில் முகம் கழுவும்போது வெயில் முதுகைப் பொசுக்கியது. கெத்தம்பானவைத் தாண்டி, யாத்திரிகர்கள் சுற்றிவிட்ட வெள்ளை நூல் படியோரமெல்லாம் கிடக்கிற இடத்துக்கு மேலே போனபோது காற்று சட்டென்று நின்றது. வண்டுச் சத்தமும் நின்றது. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து மேகம் காலிஃபிளவர் மாதிரிப் பொங்கி எழுந்து உச்சியை விழுங்கியது. முதல் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நான் எண்ணியது பன்னிரண்டு. அதாவது நாலு கிலோமீட்டர், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஏழு. அதற்கடுத்தது நாலு. எங்களுக்கு மேலே இருந்தது மகாகிரிதம்ப, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, திறந்த முகடு. கூட வந்த மச்சான், 'இன்னும் அரை மணி நேரம்தான்டா' என்றான். நான் திரும்பினேன். அவன் என்னோடு பாதி வழி பேசவில்லை. கல்மழை தலையில் கொட்டியது, படியெல்லாம் செம்மண் ஆறு. நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தபோது வானம் கழுவி விட்ட மாதிரித் தெளிந்து, உச்சி பொன் நிறத்தில் நின்றது. மச்சான் அதைக் கையால் சுட்டிக் காட்டினான், அவ்வளவுதான். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் கதையை அவன்தான் சொல்கிறான், அவனுக்குச் சாதகமாக. இருந்தாலும் அன்று திரும்பியது சரி என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று ஜூலை. தாத்தா போகாதே என்று சொன்ன காலம். மூன்று பேர், பகலிலேயே. படிக்கட்டில் ஆளே இல்லை, கடைகளின் கம்புக் கூடுகள் மட்டும். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. சில இடங்களில் பள்ளத்திலிருந்து மேல் நோக்கி வந்தது. குடை பிடித்தவன் குடையைக் காட்டுக்குள் விட்டான். அப்புறம் அட்டைகள். சப்பாத்துக் கயிற்றுத் துளை வழியாக உள்ளே போகிற அளவுக்கு நூலாக இருக்கும், வெளியே வரும்போது திராட்சைப் பழம். 1344-இல் இந்த மலை ஏறிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா இந்த அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் பாயும் என்றும், ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள் என்றும் சொல்கிறார். ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் சங்கிலிகளையும் குறிப்பிடுகிறார். சங்கிலிக்குப் பதில் கைப்பிடி வந்துவிட்டது, அட்டை அப்படியே இருக்கிறது. நாங்கள் எலுமிச்சைக்குப் பதிலாகச் சவர்க்காரத்தைக் காலில் காயவிட்டுப் போவோம். உப்புத் துணியும் உதவும். அன்று மழை சவர்க்காரத்தை நுரையாக்கிக் கழுவிவிட்டது.

பாதிக்கு மேல் போனபோது படிக்கட்டின் ஓரம் சரிந்து, மண்ணிலிருந்து கலங்கல் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் வடிந்தால் அது ஊற்று. இதுவரை இல்லாத இடத்தில் கலங்கலாகப் பீறிட்டால், உள்ளே மண் நகர்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கிற வீட்டில் மழைக்காலத்தில் யாரும் ஆழ்ந்து தூங்குவதில்லை. அங்கேயே திரும்பிவிட்டோம். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேசம் வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேர மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100-ஐத் தாண்டினால் ஆயத்தம், 150-ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று படிப்படியாகப் போகும். நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, மஸ்கெலியாப் பகுதிகளுக்கு எந்த நிறத்தில் எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கேயும் போகாது.

பருவமில்லாத காலத்தில் போகாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது காட்டின் காலம். இந்த மலையைச் சுற்றிய வனம் 2010-இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டி, பிறகு செத்தது. அதற்குப் பிறகுதான் பலருக்கு, நாம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஏறுகிற படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பது உறைத்தது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 61 ஒரு வயதே இல்லை. எழுபதைத் தாண்டிய பாட்டிமார் வெள்ளைச் சேலையில், வெறுங்காலோடு, ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். இடையில் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள், எப்படி என்று தெரியாது. அவர்களுடைய இரகசியம் நேரம். நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால், அம்மா ஒன்பதரைக்கே புறப்பட வேண்டும். ஒவ்வொரு கடையிலும் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்தில் காற்று பட்டால் உடனே போர்வை. போயா தினங்களும் சனி ஞாயிறும் வேண்டாம். அந்த இரவுகளில் மகாகிரிதம்பவில் வரிசை நகராது. காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே படியில் நிற்க நேரும். இளைஞர்களுக்கே அது ஆகாது.

பாதை நல்லதண்ணிப் பாதையே போதும். இரத்தினபுரி–பலாபத்தல வழியும் குருவிட்ட–எரத்ன வழியும் அழகானவைதான். ஆனால் அவை மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 'உண்மையான பக்தர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்' என்று யாராவது அம்மாவின் காதில் ஓதுவார்கள். நம்பாதீர்கள்.

ஏறுவதைவிட இறக்கம்தான் முழங்காலைக் கேட்கும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் திரும்பிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது, அதுவும் ஆயிரக்கணக்கான தடவை. அம்மாவைக் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒரே காலை முதலில் வைத்து இறங்கச் சொல்லுங்கள். நூறு படிக்கு ஒருமுறை காலை மாற்றச் சொல்லுங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் நல்லது. வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். இறங்கும்போது மவுசாகலை நீர்த்தேக்கம் முழுவதும் முன்னால் விரியும், அதைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். நீர் வற்றிய வருடமாக இருந்தால் அடியில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். எங்கள் தாத்தா சாமி கும்பிட்ட கோயில் அது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மா மாடிப்படியைப் பார்த்து உங்களைத் திட்டுவார். அதற்கு மருந்து கிடையாது.

உச்சியில் மணியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். போன பெப்ரவரியில் நான் 23 அடித்தேன்; எனக்குப் பின்னால் நின்ற வெளிநாட்டுப் பையன் பத்துக்கு மேல் பொறுமை இழந்து, பதினைந்தில் தானும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தான். மூட்டத்தில் ஏறியதும் கணக்கில் உண்டு. பாதியில் திரும்பியது கிடையாது. ஆகையால் உங்கள் இரண்டு வெள்ளைச் சுவர்களும் செல்லும், அடுத்த தடவை மூன்று அடியுங்கள். அம்மா ஒன்று. முதல் தடவை வருகிறவர்களைச் சிங்களத்தில் 'கோடுகாரயா' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் கோபிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெப்ரவரியில், போயா இல்லாத வாரத்தில், ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து பருவ காலத்தில் நல்லதண்ணிக்கு நேரடி பஸ் இருக்கும். இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் படுக்க வையுங்கள். ஒன்பது மணிக்கு வெளியே வந்து அந்த விளக்குச் சங்கிலியின் நுனியைப் பாருங்கள். தெரிகிறதா, மறைந்து மறைந்து வருகிறதா, ஒன்றுமே இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் அந்த நேரத்துக்குத் தூங்குகிறவன் இல்லை.